புதுத் துப்பாக்கி, பழைய கை

பொத்தானை அழுத்தியதும் ஹார்லனின் காகிதம் கம்பியில் ஆடிக்கொண்டே அருகில் வந்தது. வரைந்திருந்த ஆளின் நெஞ்சில் ஓட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. ஓர் உள்ளங்கையை வைத்தால் எல்லாவற்றையும் மூடிவிடலாம்.

"அடேயப்பா! பிரதர் ஹார்லன், இது துப்பாக்கியா, தையல் மெஷினா?" என்று அவர் முதுகில் ஓங்கித் தட்டினார் பாஸ்டர் கிரேடி.

ஹார்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மூடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றார். இவை எப்படித் தன் ஓட்டைகளாக இருக்க முடியும்?

ஒக்லஹோமாவின் அந்தச் சின்ன ஊர் சர்ச்சில், ஞாயிறு ஆராதனை முடியும்வரை கோட்டுக்குள் துப்பாக்கியோடு கடைசி பெஞ்சில் காவல் இருப்பவர் ஹார்லன். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்த பெஞ்சில்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை காவல்காரர்கள் எல்லோருக்கும் இந்தச் சுடும் கூடத்தில் பரீட்சை. தவறினால் பெஞ்சை இன்னொருவருக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

கொஞ்ச காலமாகவே அவருக்குக் கை நடுக்கம். "நடுக்கமாவது மண்ணாவது! பழைய துப்பாக்கி அம்மிக்கல்லாட்டம் கனக்குது, அதான்" என்று மனைவி ஓப்பலிடம் சாதித்து, அதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். இன்றுதான் அதை முதன்முதலாகச் சுடுகிறார்.

கையில் எடுத்தபோதே பிடிக்கவில்லை. பொம்மை மாதிரி லேசாக இருந்தது. பழையது வெடித்தால் தோள்வரை உதைக்கும். இது சும்மா ஒரு குலுக்கலோடு அடங்கிவிட்டது. விரல் பட்டதுமே விசை விழுந்தது. குறி பார்க்கும் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி வேறு, நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டதில் கூடமே அதிர, இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டு முடித்தார். ஒன்றுகூடப் பட்டிருக்காது என்று நினைத்துத்தான் பொத்தானை அழுத்தினார்.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் வெண்டலின் காகிதம் வந்து நின்றது. வெண்டல் ஓப்பலின் தம்பி; காவலில் புதிதாகச் சேர வந்திருந்தான். அவன் காகிதத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன பிரதர் வெண்டல், காத்தையா சுட்டீங்க?" என்றார் பாஸ்டர். கூட வந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வெண்டலின் முகத்தில் ஈயாடவில்லை.

ஹார்லனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவசரத்தில் பக்கத்து ஆளின் காகிதத்தில் சுட்டுவிடுவது இங்கே நடப்பதுதான். ஆனால் போட்டியில் கோப்பை வாங்கிய வெண்டல் அப்படித் தவறுவானா? ஓப்பல் கை நடுக்கத்தைப் பற்றித் தம்பியிடம் ஓதிவிட்டிருக்கிறாள். மச்சானின் மானத்தைக் காப்பாற்ற அவன் வேண்டுமென்றே இவர் காகிதத்தில் சுட்டிருக்கிறான்!

அவமானம் பிடுங்கித் தின்றது. பெண்டாட்டியின் தம்பி போட்ட பிச்சையில் கடைசி பெஞ்சில் போய் உட்காருவதா? நாளைக்கே எவனாவது துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தால், அத்தனை குழந்தைகளுக்கு முன்னால் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சுட்டவர் தன் காலடியில் விழுந்த தோட்டாக் கூடுகளைத் தானே பெருக்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். ஹார்லன் தலை நிமிராமல் பெருக்கிவிட்டுத் துடைப்பத்தை வெண்டலிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. பாக்கெட்டுக்குள் கைவிட்டபடி வேறெங்கோ பார்த்தான். முகத்தைப் பார்க்கவே கூசுகிறான் என்று நினைத்து ஹார்லன் இன்னும் குறுகிப்போனார்.

இதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"பாஸ்டர், ஒரு நிமிஷம். இதுல ஒரு ஓட்டைகூட என்னோடது இல்ல. எல்லாம் வெண்டல் சுட்டது. எனக்கு ரொம்ப நாளா கை நடுங்குது. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டேன்."

ஹார்லன் சட்டையில் குத்தியிருந்த காவல் வில்லையைக் கழற்றினார். கழற்றும்போதுகூடக் கை நடுங்கியது. அதை வெண்டலின் சட்டையில் குத்திவிட்டார்.

"மச்சான்... அது வந்து..."

"நீ பேசாதடா. நீ செஞ்சதே போதும்."

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சானுக்காகத் உங்க பேரையே கெடுத்துக்கிட்டீங்களே, வெண்டல்! இந்த மனசு யாருக்கு வரும்?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். திறந்த வாயை வெண்டல் மூடிக்கொண்டான்.

வெளியே வந்து இருவரும் வண்டியில் ஏறினார்கள். வெண்டல் சாவியைப் போட்டான், வண்டியைக் கிளப்பவில்லை. அவன் காதுகள் சிவந்திருந்தன.

"எனக்காக எதுக்குடா இப்படிப் பண்ணே? அக்கா சொன்னாளா?" என்றார் ஹார்லன்.

வெண்டல் பையிலிருந்து ஒரு தோட்டாப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தான். பெட்டி நிறைந்திருந்தது.

"அக்கா ஒண்ணும் சொல்லல. காலையில அவசரத்துல வேற துப்பாக்கியோட தோட்டாவைத் தூக்கிட்டு வந்துட்டேன். துப்பாக்கிக்குள்ளயே போகல. கோப்பை வாங்கினவன் தோட்டாவை மாத்திக் கொண்டாந்துட்டான்னு சிரிப்பாங்களேன்னு வாயைத் திறக்காம நின்னுட்டேன்."

ஹார்லன் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார்.

"அப்போ என் பேப்பர்ல இருந்தது...?"

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் ஒண்ணுகூடச் சுடல, மச்சான்."