பரிவுக்கு முட்டை மார்க்

“ஐயோ, உசிரு போவுதே! யாராச்சும் வந்து பாருங்கம்மா!”

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறியபடி உள்ளே வந்த அந்தப் பெண், பல் மருத்துவ நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பேராசிரியை சில்வியா முகத்தைச் சுளித்தார்.

“ஓவர் ஆக்டிங். தெரு நாடகக் கோஷ்டியைக் கூப்பிட்டா இப்படித்தான்.”

பக்கத்தில் இருந்த உதவிப் பேராசிரியர் செங்குட்டுவன் சிரித்து வைத்தார்.

வலியில் துடிக்கும் நோயாளியிடம் பல் மருத்துவ மாணவர்கள் எவ்வளவு பரிவாக நடந்துகொள்கிறார்கள்? இதுதான் சில்வியாவின் புதிய ஆராய்ச்சி. நோயாளியாக நடிக்க நாடகக் கோஷ்டி ஒன்றில் சொல்லி ஆள் ஏற்பாடு செய்திருந்தார். மாணவர்களுக்கு இது தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்து இவர் மார்க் போடுவார்.

இன்று உள்ளே இருந்தவள் மகிழினி. வியாசர்பாடியிலிருந்து வந்து படிக்கும் இறுதியாண்டு மாணவி. ஓடிப்போய் அந்தப் பெண்ணின் தோளைத் தாங்கிப் பிடித்தாள்.

“இன்னாக்கா ஆச்சு? எங்க வலிக்குது, காட்டுங்க.”

“‘இன்னாக்கா’வாம்!” சில்வியா உதட்டைப் பிதுக்கினார். “நாலு வருஷம் படிச்சும் பேட்டை பாஷை போகல. ரெண்டு மார்க் கட்.”

“நோயாளிக்குப் புரியற பாஷைதானே மேடம்?” என்று இழுத்தார் செங்குட்டுவன்.

“இது ஆராய்ச்சி, செங்குட்டுவன். மீன் மார்க்கெட் இல்ல.”

அந்தப் பெண் மகிழினியின் மேல் சாய்ந்து விசும்பினாள். மகிழினி விலகவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“வெள்ளைக் கோட்டுல மூக்கைத் துடைக்க விடறா பாருங்க. சுத்தம் தெரியல. இன்னும் ரெண்டு கட்.” சில்வியா எழுதிக்கொண்டே சொன்னார். “அவளுக்கும் நடிக்கத் தெரியல. நிஜமா பல்வலி வந்தவ வாயே திறக்க மாட்டா. ஒரு ஓரமா முனகிக்கிட்டு உக்காந்திருப்பா.”

உள்ளே அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து, எதையோ எடுத்து மகிழினியின் கையில் வைத்தாள். கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு பழுப்புத் துண்டு.

“போன மாசம் காசிமேட்டுல கேம்ப் போட்டு நீங்கதான கண்ணு, பல்லு ஓட்டைய அடச்சு வுட்டீங்கோ? புச்சா கண்டுபுடிச்ச சிமிட்டி, ஆயுசுக்கும் தாங்கும்னாங்கோ. சங்கரா மீனு முள்ளுக்கே புட்டுகினு வந்துடிச்சி. மூஞ்சி வேற வீங்கிக்கினு கீது, பாரு.”

செங்குட்டுவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மேடம், நாம எழுதிக் கொடுத்ததுல இந்த வசனம் இல்லையே?”

சில்வியாவின் முகம் சிவந்தது. அந்தப் பல் சிமெண்ட் அவருடைய முந்தைய ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் எந்திரம் வைத்து அழுத்தியும் உடையாத சரக்கு. அதைப் பற்றி அவர் பேசாத மாநாடு கிடையாது.

“என் சிமெண்ட்டைப் பிடிக்காத எவனோ சொல்லிக் கொடுத்து அனுப்பிருக்கான். அது உடையறதாவது!” என்றவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். “ஆனா வீக்கத்தைப் பாருங்க. மேக்கப் போட்டவனுக்கு மட்டும் வேலை தெரிஞ்சிருக்கு.”

மகிழினி அந்தப் பெண்ணின் கன்னத்தில் புறங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“சுகர், பிரஷர் எதுனா கீதாக்கா? எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம போயிருக்கா?” என்று கேட்டுக்கொண்டே, மரத்துப்போவதற்கான மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

சில்வியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நடுக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தார். செங்குட்டுவன் பின்னாலேயே ஓடினார்.

“கீழ வை ஊசியை! யார் நோயாளி, யார் நடிகைன்னுகூடத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்கு டாக்டர் பட்டம்?”

மகிழினி திகைத்துப் போனாள். “நடிகையா? மேடம், கன்னம் நெருப்பா கொதிக்குது. உள்ள சீழ் கட்டியிருக்கு. இப்பவே வடிச்சு விடலன்னா கழுத்துக்கு இறங்கிடும். தொட்டுப் பாருங்க மேடம்.”

“எனக்கே பாடம் எடுக்கறியா? பரிவுக்கு உனக்கு முட்டை மார்க். போ அந்தப் பக்கம்!”

சில்வியா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, நிதானமாகக் கைதட்டினார். “போதும்மா. ஷோ முடிஞ்சது. முகத்தைக் கழுவிட்டுக் கிளம்பு.”

“இன்னா ஷோவு? சோறு தண்ணி எறங்காம செத்துகினு கீறேன். இந்தப் பொண்ணுதான் ஊசி போட வந்துச்சி, அதையும் நிறுத்திட்டு நீ கைதட்டிகினு கீற! என்னப் பாத்தா எப்பிடிமா கீது உனுக்கு?”

“பாத்தீங்களா செங்குட்டுவன்? முடிஞ்சதுன்னு சொன்னப்புறமும் விட மாட்டேங்கறா.” சில்வியா வாசலை நோக்கிக் கையை நீட்டினார். “எழுந்திரு. நட.”

செங்குட்டுவன் அந்தப் பெண்ணின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது வாசல் கதவு திறந்தது. ஒரு கன்னத்தில் பஞ்சை அடக்கி உப்ப வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள். பஞ்சை வெளியே எடுத்துவிட்டு அசடு வழியச் சிரித்தாள்.

“சாரி மேடம், எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க நவுரவே இல்ல. பல்வலின்னு நடிக்கிறதுக்கு என்னத்தான் வரச் சொன்னீங்கோ.”