முத்தழகியின் பொட்டு

“தயாளன் சார், நாளைக்குக் காலையில முத்தழகியைப் பார்க்க வரேன்” என்று மெட்டில்டா மிஸ் போனில் சொன்னதும், தயாளன் கடித்த போண்டா தொண்டையிலேயே நின்றுவிட்டது.

முத்தழகி ஒரு குதிரை. ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து ஓய்ந்துபோன வெள்ளைக் குதிரை. அந்த மாதிரிக் குதிரைகளை மணிமங்கலம் பக்கம் ஒரு லாயத்தில் வைத்துத் தேற்றி, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பதுதான், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மெட்டில்டாவின் முழுநேர வேலை. பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு கறாராக விசாரிக்க மாட்டார்கள்.

முடிச்சூரில் வீட்டுக்குப் பின்னால் காலி மனை வைத்திருந்த தயாளன், எல்லாக் கேள்விக்கும் தேன் ஒழுகப் பதில் சொன்னார். ‘விற்க மாட்டேன், வேலை வாங்க மாட்டேன்’ என்று கையெழுத்தும் போட்டு, முத்தழகியை இலவசமாகவே அழைத்துவந்தார்.

வந்த வாரமே விற்றுவிட்டார்.

குதிரை இல்லையென்று தெரிந்தால் போலீஸ், கேஸ் என்று மானம் போகும். அதுவும் குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு அவர் நிற்கிற நேரத்தில்!

ஊர்வலங்களுக்குக் குதிரை சப்ளை செய்யும் விக்கிக்குப் போன் போட்டார். முத்தழகியை வாங்கியது அவன்தான்.

“டேய், அந்தக் குதிரையைத் திருப்பிக் கொடுடா.”

“அது கை மாறி எங்கியோ போயிடுச்சு மச்சான். அதே சைஸுல வேற ஒரு வெள்ளைக் குதிரை கீது. ஒருநாள் வாடகைக்கு அனுப்பட்டா? மிஸ்ஸுக்கு இன்னா தெரியப்போவுது?”

“முத்தழகிக்கு நெத்தியில பொட்டு வச்ச மாதிரி பழுப்பா ஒரு மச்சம் இருந்துச்சேடா!”

“பேஜார் பண்ணாத மச்சான். பொட்டுதானே, வச்சு வுடு!”

சாயங்காலம் மினி லாரியில் குதிரை வந்து இறங்கியது. நெற்றி துடைத்துவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. தயாளன் தன் தலைக்குப் போடும் சாயத்தைக் குழைத்து, செல்போனில் இருந்த பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்து அதன் நெற்றியில் பிரஷ்ஷால் வட்டமாக வரைந்தார்.

“உங்க தலைக்கே பத்தல. குதிரைக்கு வேறயா?” என்றாள் மனைவி லோகநாயகி. “அங்க பாருங்க, அது மாதிரியே இதுவும் வந்ததும் வராததுமா என் செம்பருத்தியை மொட்டை அடிச்சிருக்கு!”

“எல்லாக் குதிரையும் செடியைத்தான் திங்கும். பின்ன, பிரியாணியா திங்கும்?”

நாலு கால், ஒரு வால். தயாளனைப் பொறுத்தவரை குதிரை என்றால் அவ்வளவுதான்.

மறுநாள் மெட்டில்டா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் குதிரை ஒரு கனைப்புக் கனைத்து, நேராக அவர் கைப்பையில் மூக்கை விட்டுக் கடலை மிட்டாயை உருவியது.

தயாளனுக்குத் தன் அதிர்ஷ்டத்தை நம்பவே முடியவில்லை. “பார்த்தீங்களா மிஸ்! உங்களை மறக்கவே இல்ல!”

மெட்டில்டா குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். நெற்றிப் பொட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். தயாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மெட்டில்டா விரலை எடுத்துவிட்டு, செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “எங்க குரூப்ல போடணும் சார். ரெண்டு வார்த்தை பேசுங்க. முத்தழகி இங்க வந்ததுல இருந்து எப்படி இருக்கா?”

“ஒருநாள்கூட இந்த மனையை விட்டு வெளியே அனுப்பினதில்ல மிஸ். இங்க கொசு ஜாஸ்தியா, தினமும் நானே புகை மூட்டம் போடுவேன். அவ தூங்கினப்புறம்தான் எனக்குச் சாப்பாடே இறங்கும்.”

“நிஜமாவா? ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“பெத்த பொண்ணைப் பத்தி யாராவது பொய் சொல்லுவாங்களா மிஸ்?”

மெட்டில்டா போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். “சந்தோஷம் சார். எங்க லாயத்துல இருக்கிற அத்தனை குதிரையையும் இனிமே உங்க பொறுப்புல விட்டுடலாம்னு தோணுது.”

அத்தனை குதிரையுமா! ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் தயாளன் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி ஒரு குத்தாட்டம் போட்டார்.

வாடகைக் குதிரையை வந்த மாதிரியே திருப்பி அனுப்ப வேண்டாமா? ஷாம்பு போட்டு நெற்றியைத் தேய்த்தார். சாயம் பழுப்பாக வழிந்தது. அதன் பின்னாலேயே வெள்ளையாக ஏதோ மேக்கப் வழிந்தது. அதற்கும் அடியில், அவர் வரைந்த அதே இடத்தில், பழுப்பாக ஒரு மச்சம் இருந்தது. தேய்த்தார், தேய்த்தார், அது போகவே இல்லை.

வாசலில் மினி லாரி வந்து நின்றது.

“யோவ்! இந்தக் குதிரையை எங்கேய்யா பிடிச்சீங்க?” என்று டிரைவரிடம் பாய்ந்தார் தயாளன்.

“மெட்டில்டா மிஸ் லாயத்துலதான் சார். ஊர்வலத்துல நொண்டுதுன்னு யாரோ அங்கயே கொண்டாந்து வுட்டுட்டாங்க. அப்பால மிஸ் விசாரிச்சு விக்கி அண்ணனைப் புடிச்சாங்க. அண்ணன் இப்போ அங்கதான் கீறாரு, குதிரை லத்தி அள்ளிக்கினு.” டிரைவர் லாரியின் பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்தான்.

“வீடியோ போலீசுக்குப் போவாம இருக்கணும்னா உங்களையும் ஏத்திக்கினு வரச் சொன்னாங்க சார். அத்தனை குதிரைக்கும் அள்ள அண்ணன் ஒருத்தரால முடியலையாம்!”