ஐந்து கோடும் பச்சை

சரசாவைக் காலையிலேயே போலீஸ் சௌக்கிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

புனே பக்கம் நிக்டியில் அந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் பல வீட்டுப் பாத்திரம் அவள் கையில்தான் தேயும். மூன்றாம் மாடி அனந்தராமன் வீட்டில் கம்பெனி கொடுத்த லேப்டாப் காணாமல் போனது. வீட்டுக்குள் வெளியாள் யார் வருவார்கள் என்று ஹவல்தார் கேட்டார். அனந்தராமன் யோசிக்கக்கூட இல்லை, அவள் பெயரைச் சொன்னார். சோப்புத் தூளில் வெடித்த இரண்டு கையையும் விரித்து, தான் எடுக்கவில்லை என்று அவள் தமிழில் அழுதாள். ஹவல்தாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவள் புருஷன் தளேகாவில் ஒரு பாக்டரியில் காண்ட்ராக்ட் லோடர். ஷிப்டைப் பாதியில் விட்டால் மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். விட்டுவிட்டு வந்து சௌக்கி வாசலில் உட்கார்ந்திருந்தான். மாலைக்குள் லேப்டாப் வந்தால் அவளை வீட்டுக்கு அனுப்புவோம், வராவிட்டால் கேஸ் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

லேப்டாப் போனதில் நஷ்டம் அனந்தராமனுக்கு மட்டும் இல்லை. கட்டிடத்தில் பாதிக்கு நெட் போயிருந்தது.

வீட்டுக்கு வீடு ரௌட்டர் வராத 2008 அது. அனந்தராமனின் லேப்டாப்பில் கம்பெனி செலவில் ஒரு டேட்டா கார்டு செருகியிருக்கும். இரண்டாம் மாடி சுந்தரராமன்தான் அந்த லேப்டாப்பையே சின்ன டவர் மாதிரி ஆக்கிக் கொடுத்தவர். அதைத் திறந்து நெட் போட்டால், காற்றிலேயே அக்கம்பக்கத்து லேப்டாப்களுக்கும் நெட் போகும். மூடினால் எல்லோருக்கும் போச்சு. ஒவ்வொரு தடவையும் வந்து அழுத்த வேண்டாம் என்று, தானாகவே ஆரம்பிக்கும்படி செட் பண்ணி வைத்திருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, பழக்க தோஷத்தில் சுந்தரராமன் தன் லேப்டாப்பைத் திறந்தார். நெட் வந்தது.

அவர் மனைவி வைஜயந்தி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, எப்படி வரது? அந்த லேப்டாப்தான் திருட்டுப் போயிடுத்தே?"

"அதுலேர்ந்துதான் வரது. கார்டோட யாரோ ஓட்டிண்டிருக்கா. அதுவும் இந்த பில்டிங்குக்குள்ளயே."

கார்டை நிறுத்த எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும் என்று கம்பெனி காத்திருந்தது. எஃப்.ஐ.ஆர். போடவே சௌக்கியில் யாரும் அவசரப்படவில்லை.

"சரசா சௌக்கியில உக்காந்திருக்கா. அப்ப இது யாரு?" என்றாள் வைஜயந்தி. அவள் குரலே மாறிவிட்டது. "கண்டுபிடிச்சே ஆகணும். இன்னிக்கே. எழுந்திருங்கோ."

சுந்தரராமன் திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் சீர்த்தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு படியிறங்கினார். சிக்னல் கோடு கூடக் கூடத் திருடன் பக்கத்தில் என்று கணக்கு.

கீழே வாட்ச்மேன் அறை வாசலில் ஒரு கோடுகூட இல்லை. வைஜயந்திக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். முதல் மாடியில் செக்ரட்டரி கிருஷ்ணஸ்வாமி வீட்டு வாசலில் இரண்டு கோடு எழும்பியது. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் இருந்து ரிட்டையர் ஆனவர். வேலைக்காரர்களைச் சோதனை போட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்று காலையில் கூவியவரும் அவர்தான். கதவைத் திறந்து, என்ன ஊர்வலம் என்று கேட்டார். வைரஸ் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மேலே ஏற ஏற மூன்று. நான்கு.

மூன்றாம் மாடியில் ஐந்து கோடும் பச்சை.

அனந்தராமன் வீட்டு வாசல்.

பெல் அடித்ததும் பாதிக் கதவுதான் திறந்தது. வைஜயந்தி மீதியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். படுக்கையறை மூலையில், மடித்த போர்வைகளுக்கு நடுவில், காணாமல் போன லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. கார்டில் விளக்கு மினுங்கியது.

அனந்தராமன் திரையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் பெங்களூரில் புது வேலையாம். இங்கே விலகும்போது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் புகார் இல்லாமல் கம்பெனி நம்பாதாம். திறந்தால் ஊருக்கே நெட் போகும் என்பது மறந்தே போய்விட்டதாம்.

"சரசாவை ரெண்டு நாள்ல விட்டுடுவா சார். அவாளுக்கெல்லாம் இது பழக்கம்தான்."

"அவ ஆம்படையான் சௌக்கி வாசல்ல உக்காந்திருக்கான், தெரியுமோ?" என்று கேட்டாள் வைஜயந்தி.

அனந்தராமன் கையைக் கூப்பினார்.

சுந்தரராமன் திரும்பிப் போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். "தப்பு சார். நீங்க பண்ணினது ரொம்பத் தப்பு" என்றார். போர்வைகளை விலக்கி அந்த லேப்டாப்பைக் கையில் எடுத்தார்.

"இந்த மூலையிலயா வெக்கறது? ஜன்னல் பக்கமா வெச்சுக்கோங்கோ. எங்க ஹாலுக்கு ரெண்டு கோடுதான் வரது."