இருபத்தாறு பாகை

"நிப்பாட்டுறது ஆரெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நீ பாத்துப்போட்டு, ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

கதவைத் திறந்த கையோடு இராசலிங்கம் சொன்னது இதுதான். இரண்டு சுவெட்டர், காதை மூடி மப்ளர். வீட்டுக்குள்ளே நிற்கிற மனுசன்!

சயந்தினி கருவிப்பெட்டியை இறக்கி வைத்தாள். வீடு சூடாக்குகிற ஹைற்சுங் திருத்துவது அவளுடைய தொழில். பிராங்பேர்ட்டில் அந்த வேலைக்குத் தமிழ் கதைக்கிற பெண் வேறு எங்கே கிடைக்கும்? அதனால் தமிழ் வீடுகளுக்குப் போனால் குளிரோடு சேர்த்துக் குடும்பக் கதையும் அவள் தலையில்தான் விழும்.

"ஆர் அங்கிள்?"

"வேற ஆர்? மகன் கட்டிக்கொண்டு வந்த வேதக்காரி, சேர்ச்சுக்குப் போற கொறற்றி. என்ர மனுசி மகளின்ர பிள்ளைப்பெறுக்கெண்டு கனடா போய் ரெண்டு மாசம். அண்டையில இருந்து இந்தக் கூத்து. உவள் காலமை வேலைக்குப் போற கிழமையில நான் எழும்ப வீடு ஐஸ்பெட்டி. பின்னேர வேலைக் கிழமையில, தான் வீட்டில நிக்கேக்க, நல்ல சூடு. விளங்குதே?"

விளங்கத்தான் செய்தது. கேட்ட சயந்தினிக்கே பத்திக்கொண்டு வந்தது. வயதுபோன மனுசனை இப்படியா செய்வது?

"இண்டைக்கு மகன் வரட்டும். ஒண்டில் அவள் இந்த வீட்டில, இல்லாட்டி நான்."

சயந்தினி நிலவறைக்கு இறங்கினாள். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. தண்ணீர் அழுத்தமும் சரி. காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும் என்று பதிந்திருந்ததையும் ஒருவரும் தொடவில்லை. அட, பிறகேன் மெசின் சும்மா கிடக்கிறது? கோபம் போய், காரணத்தை அறிகிற விடுப்புப் பிடித்துக்கொண்டது அவளுக்கு.

மேலே வந்து, கூடத்துச் சுவரில் வெப்பம் அளக்கிற பெட்டியைப் பார்த்தாள். இருபத்தாறு பாகை! மூக்கு விறைக்கிறது, இதென்ன இருபத்தாறு?

பெட்டிக்கு நேர் கீழே சாமித் தட்டு. அதில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கிள், ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. விளக்குச் சூட்டில இந்தப் பெட்டி முழு வீடும் சூடெண்டு நினைக்குது. ஆறு மணிக்கு முன்னம் விளக்குக் கொளுத்தினா மெசின் தொடங்காது. பிந்திக் கொளுத்தினா, அதுக்குள்ள வீடு சூடாகியிருக்கும்."

"அப்படியே சங்கதி! மனுசி நிக்கேக்க ஏழு மணிக்குத்தான் கொளுத்துவா." அவர் முகம் மலர்ந்தது. "இப்ப மகன் அபிராம் கொளுத்துறான். விளக்கு மட்டும் தவறக்கூடாதெண்டு எங்கள் ரெண்டு பேரிட்டையும் அழுதுபோட்டெல்லோ போனவ. ஒரு நாளும் தவறேல்லை. தங்கமான பிள்ளை."

"நீங்கள் கொளுத்துறேல்லையோ?"

"எனக்கு முழிப்பு வர எட்டு மணியாகும் பிள்ளை."

"அண்ணா எத்தினை மணிக்கு வேலைக்குப் போறவர்?"

"எயார்போட்டில வேலை. விடிய மூண்டரைக்கு. எல்லாக் கிழமையும் அதுதான்."

சயந்தினி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொல்வதா, விடுவதா? பிறத்தி வீட்டுக் கதை. ஆனால் பின்னேரம் ஒருத்தியை வீட்டைவிட்டுக் கலைக்க இருந்தாரே மனுசன்!

"அங்கிள், மூண்டரைக்கு அண்ணா கொளுத்தினா எல்லாக் கிழமையும் குளிரவேணும். அக்கா காலமை வேலைக்குப் போற கிழமையிலதான் குளிருதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? அவ எத்தினைக்கு வெளிக்கிடுறவ?"

"அஞ்சு மணிக்கு..."

அவர் விளக்கைப் பார்த்தார். சயந்தினியைப் பார்த்தார்.

"பின்னேர வேலையெண்டா ஏழு மணிக்கு எழும்புவா" என்றார், மெல்ல.

கைத்தொலைபேசி அடித்தது. அபிராம்தான்.

"அப்பா, ஹைற்சுங் பாத்தவையே? கொறற்றியின்ர வேலைதானாமோ?"

இராசலிங்கம் மப்ளரைக் காதிலிருந்து இறக்கினார்.

"ஓம் தம்பி, அவவின்ர வேலைதான். கொம்மா எங்கள் ரெண்டு பேரிட்டையும் சொல்லிப்போட்டுப் போன வேலையை, ஒரு நாளும் தவறாமல் என்ர மருமகள் செய்துகொண்டிருக்கிறா."