நாலே கால் பிரஷர்

“நாலு... நாலு... நாலே கால்... நாலு...” என்று ஹெல்மெட் மைக்கில் விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார் வாத்தியார்.

ரேஸ் டிராக்கின் நீண்ட வலது வளைவில் கார் சீறியது. ஓட்டிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. “சபாஷ் வாத்தியாரே! அப்படியே சொல்லிட்டே வாங்க,” என்றாள்.

போன மாதம் இதே வளைவில்தான் அவள் எஞ்சின் போனது. வேகமாக வளையும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, பிரஷர் விழுந்து, பேரிங் எல்லாம் ஆயில் பசையில்லாமல் உரசித் தேய்ந்துவிட்டது. தன் ஒர்க்‌ஷாப்பில் நாலு வாரம் மாடாக உழைத்துப் புது பேரிங் போட்டாள். ஆயில் ஒதுங்காதபடி தொட்டிக்குள் ஒரு தடுப்பும் வைத்தாள். அது தாங்குகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஓட்டம். அடுத்த வாரம் ரேஸ்.

“வளைவுல என் கண்ணு ரோட்டை விட்டு நகரக் கூடாது. அதோ, அந்த ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்து நம்பரை நீங்க சொல்லணும். ரெண்டுக்குக் கீழ போனா மட்டும் கத்துங்க,” என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வாத்தியார், அவள் கை காட்டிய பக்கம் திரும்பாமலே பலமாகத் தலையாட்டினார்.

போன தடவை வளைவுக்கு வளைவு “ஐயோ, அம்மா” என்று அலறி அவளை ஒரு வழி பண்ணியவர் அவர். ஆனாலும் வராமல் இருக்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து அவளுக்காகப் பயப்படுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவது அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

இன்று அலறவில்லை. சிக்கல் வேறு. முதல் வளைவில் இறுக மூடிய கண்ணை வாத்தியார் இன்னும் திறக்கவே இல்லை.

காலையில் சாப்பாட்டு மேஜையில் வயரோடு கிடந்த ஏதோ ஒரு வட்டச் சாமானைத் தள்ளி வைத்துவிட்டு அவர் காபி குடித்தபோது, “நாலு இருந்தாப் போதும், எஞ்சின் ராஜா மாதிரி ஓடும்” என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. அந்த நாலைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெறும் நாலு என்றால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே ஒரு கால் சேர்த்தார். காப்பியடிக்கும் பிள்ளைகளை இருபது வருடமாகப் பிடித்த அனுபவம் வீண்போகவில்லை.

பத்து சுற்று முடிந்து கார் ஷெட்டில் நின்றது. வாத்தியாருக்கு இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே பிரஷர் விழுந்திருந்தால்? நாலு வார உழைப்பும் ரேஸும் அவர் வாயாலேயே போயிருக்குமே.

“ஒண்ணு சொல்லணும்மா. திட்டக் கூடாது.”

“சொல்லுங்க.”

“நான் மீட்டரைப் பார்க்கவே இல்ல. கண்ணை மூடிட்டு அத்தனையும் புளுகினேன். உன் பேரிங்கை நானே கொன்னுட்டேனோ என்னவோ!”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். “பேரிங் ஜம்முனு இருக்கு. ரெண்டுக்குக் கீழ போனா என் முன்னாடி சிவப்பு விளக்கு எரியும். ஒரு தடவைகூட எரியல.”

போன உயிர் வாத்தியாருக்குத் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் மிதப்பும் வந்தது. “அப்ப நான் சொன்ன நாலு சரிதான்! கணக்கு வாத்தியார் கண்ணை மூடிட்டுச் சொன்னாலும் தப்பாது. இரு, அந்த மீட்டரையும் ஒரு தடவை பார்த்துடுறேன்.”

காருக்குள் தலையை நுழைத்தார். அவள் கை காட்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டைதான் இருந்தது.

“என்னம்மா இது? மீட்டர் எங்க?”

“உங்க வாய்க்கு வேலை குடுத்தாத்தானே அலறாம வருவீங்க?” என்றாள் அவள், கையுறையைக் கழற்றியபடி. “மீட்டரைத்தான் காலையில காபி குடிக்கும்போது நீங்களே தள்ளி வச்சீங்களே!”