நுரை அடங்கும்வரை

ஆவிக்குழாயைப் பாலுக்குள் விட்டுத் திருகியதும் கோப்பி மெஷின் சீறியது. பிரியந்தினிக்கு அந்தச் சீறல் எப்போதும் பிடிக்கும். இன்றைக்கு இன்னும் கூடப் பிடித்திருந்தது.

விறாந்தையில் விமலேஸ்வரி காத்திருந்தாள். மகன் பிரான்சுக்குக் கூப்பிட்டிருக்கிறான். நாளைக்குக் கொழும்பில் விசா நேர்முகம். அதற்குக் கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம் வேண்டும். விதானையார் என்று சனம் சொல்லும் அந்தக் கதிரையில் இப்போது இருப்பது பிரியந்தினி.

கடிதம் எழுதியாயிற்று. சீல் குத்துவதுதான் மிச்சம்.

விமலேஸ்வரி இந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவளுடைய வயலில் இருபது வருஷம் களை பிடுங்கிய பிரியந்தினியின் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தபோதும், கடையில் வாங்கிவந்த சோடாவைப் போத்தலோடு குடித்துவிட்டுப் போனாள். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சோடா இன்னும் பிரியந்தினிக்குச் செமிக்கவில்லை.

இன்றைக்கும் வந்து இருந்ததும், "சோடா இருந்தாக் காணும், பிள்ளை," என்றுதான் சொன்னாள்.

"சோடா இல்லை அன்ரி. கோப்பி போடுறன். குடியுங்கோ, பிறகு சீல் குத்துவம்."

குரலில் தேன் ஒழுகியது. விமலேஸ்வரிக்கு விளங்காமல் இல்லை.

பால் சுழன்று பொங்கியது. சூட்டை அளக்க உள்ளங்கைதான். இனிப் பிடிக்கமுடியாது என்று கை சொல்லும்போது நிறுத்தவேண்டும். இன்று பிரியந்தினி ஒரு கணம் கூடவே பிடித்திருந்தாள்.

மெஷினோடு வந்த பால் ஜக் பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை. அதைவிட இந்தப் பழைய சில்வர் பேணி நல்லது. விளிம்பில் ஒரு நெளிவு. அதனால் வார்க்கும்போது பால் நூல் பிடித்தாற்போல் விழும்.

கோப்பை நிறைய வெள்ளை நுரை.

விமலேஸ்வரி கோப்பையைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தாள். பிறகு கண்ணைத் திறந்து இன்னொரு மிடறு. பாவி, ருசித்துக் குடித்தாள். மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது.

பிரியந்தினி குசினிக்குள் போய்ப் பேணியோடு வந்தாள். அதன் அடி விமலேஸ்வரியின் கண்ணுக்கு நேரே வரும்படி உயர்த்திப் பிடித்தாள். 'வி' என்று வெட்டிய எழுத்து.

தன் வீட்டுப் பாத்திரம் தெரியாமல் போகுமா? ஒருநாளும் குசினிக்குள் எடுக்காத பேணி. அம்மாவின் தேத்தண்ணிக்கென்று வேலிக் கதியாலில் தனியாகக் கொழுவியிருந்த பேணி. அம்மா நோயில் விழுந்து வேலைக்கு வராமல் நின்ற அன்று, இனி உதவாது என்று விமலேஸ்வரியே றோட்டில் எறிந்த பேணி. நெளிவு அப்போது வந்தது.

விமலேஸ்வரியின் கை வாயைத் துடைக்க எழும்பியது. பாதியில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு அன்ரி. வார்க்கட்டோ?"

கடிதம் சீல் இல்லாமல் மேசையில் கிடந்தது.

விமலேஸ்வரி கோப்பையை நீட்டினாள்.