நடுநிலை

ஃப்ரிக்கர் எழுந்து நின்றதும் ஊர்க்கூட்டம் அடங்கியது.

“அடுத்தது ஷபானுக்குக் குடியுரிமை. இருபது வருஷம் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். நான் தலைவர் நாற்காலியில இருந்தா அது நடுநிலையா இருக்காது. வெளியே போறேன். துணைத் தலைவர் நடத்துவார்.”

மண்டபமே கை தட்டியது. மனுஷன்னா இவரல்லவா மனுஷன் என்று முன்வரிசைப் பண்ணைக்காரர் மெச்சிக்கொண்டார்.

ஃப்ரிக்கர் முன்பு மெஷின் ஃபேக்டரியின் டைரக்டராக இருந்தவர். அதை மூடின அன்று ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்துக் குலுக்கி வருத்தப்பட்டவர். பிறகு அரசியலுக்கு வந்து ஊர்த் தலைவரானார். அடுத்த மாதம் மாநில மந்திரி பதவிக்கு நிற்கிறார்.

இந்த நாட்டில் குடியுரிமை கொடுப்பதா என்று ஊர்க்காரர்கள்தான் கை தூக்கி முடிவு செய்வார்கள். தன்னைப் பற்றிய ஓட்டு என்பதால் ஷபானும் உள்ளே இருக்கக் கூடாது. இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கொசோவோவிலிருந்து வாலிபத்தில் வந்தவர் ஷபான். ஃபேக்டரி போனபின் இந்த மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாற்காலி போடுவார், எடுப்பார். போன தடவை கேட்டபோது ஊர் மாட்டேன் என்றுவிட்டது. இந்தத் தடவையும் இல்லையென்றால் இனிமேல் கேட்கப்போவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். சாவதற்குள் ஒரு தடவையாவது அந்த நாற்காலியில் ஊர்க்காரனாக உட்கார்ந்து கை தூக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை, பாவம்.

ஃப்ரிக்கர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு செயலாளர் வெரேனா வந்தாள். தூக்கிய கைகளை இரண்டு தரம் எண்ணியும் இரண்டு பக்கமும் சமமாம். சமமானால் நாற்காலியில் இருப்பவர் ஓட்டுதான் முடிவு. துணைத் தலைவர் கொடுக்க வேண்டாம் என்றுவிட்டார்.

“நான் மட்டும் உள்ளே இருந்திருந்தா...” என்று ஆரம்பித்த ஃப்ரிக்கர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கடைசியில் ஷபான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

“விடுங்க, டைரக்டர் சார். சட்டம்னா சட்டம். உங்க மேல என்ன தப்பு?”

கூட்டம் முடிந்து எல்லோரும் ஃப்ரிக்கரோடு ஒயின் குடிக்கப் போய்விட்டார்கள். ஷபான் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். அவருக்கு மனசு விட்டுப்போயிருந்தது. வெரேனா வந்து கூட நின்று மடக்கினாள்.

“ஒரு யோக்கியரோட நேர்மையால தோத்தேன்மா. போகட்டும், அவரைக் குத்தம் சொல்ல மனசு வரல” என்றார்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“சொந்தக்காரங்க விஷயம்னாதான் தலைவர் வெளியே போகணும், ஷபான். பழைய முதலாளி போகணும்னு சட்டத்துல எங்கேயும் இல்லை. காலையிலயே அவர்கிட்ட சொன்னேன்.”

ஷபான் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். “அதுக்கு என்ன சொன்னார்?”

“‘தெரியும் வெரேனா. உள்ளே இருந்தா அவருக்காகக் கை தூக்கணும். தூக்கினா ஊரே பார்க்கும். அடுத்த மாசம் எலெக்‌ஷன்’னார்.”